உள்ளே இருக்கும் கை

மார்ச் 2, சனி

இன்று களிமண் வகுப்புக்குப் போனேன். போகாமல் வீட்டிலேயே படுத்திருக்கலாம்.

மருத்துவமனையில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணின் யோசனை இது. "பந்தை அமுக்கி அமுக்கி உங்களுக்கும் சலிச்சுப் போச்சு, பாத்துப் பாத்து எனக்கும் சலிச்சுப் போச்சு. போய் மண்ணைப் பிசைங்க" என்று ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தாள். நூலகத்துக்குப் பின்னால், முன்பு சைக்கிள் நிறுத்துகிற இடமாக இருந்த நீளக் கூடம். எட்டுச் சக்கரங்கள். எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை, காலால் மிதித்தால் வேகம் கூடுகிறது. அது ஒன்றுதான் எனக்குப் பழகிய சங்கதி. மற்றதெல்லாம் சேறு.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முழங்கை வரை மண், காதில் ஒரு பென்சில். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். பஸ் டிரைவர் என்றேன். அக்டோபரிலிருந்து ஓட்டவில்லை என்பதையும், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்து எழுந்தவன் என்பதையும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

"வலது கை பானைக்கு வெளியே. இடது கை உள்ளே. உள்கை தடவித்தான் சுவர் எவ்வளவு கனம்னு கண்டுபிடிக்கணும். அங்க கண்ணுக்கு வேலையே இல்ல" என்றார்.

சரிதான், தேடிப் பிடித்து வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று முறை மண் உருண்டை சக்கரத்தை விட்டுப் பறந்தது. ஒன்று பக்கத்துச் சக்கரத்தில் இருந்த பல் டாக்டரின் செருப்பில் போய் இறங்கியது. "சொத்தைக்கு அடைக்க வெச்சுக்கறேன், சார்" என்று எடுத்துக்கொண்டார். வாயாடி.

வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றாள் மனைவி. "சேறு" என்றேன். "சட்டையைப் பாத்தாலே தெரியுது" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

கண்டக்டர் வந்திருந்தான். பதினோரு வருடமாக ஒரே வண்டியில் நானும் அவனும். என் மனைவியோடு பேசியதைவிட அவனோடு அதிகம் பேசியிருப்பேன்.

"புது டிரைவர் உயிரை வாங்கறான், அண்ணே. பிரேக் அடிச்சா நான் பின் சீட்டுலேருந்து முன் சீட்டுக்கு வந்துடறேன். நடக்கற வேலை மிச்சம்" என்றான். சிரித்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏப்ரல்ல வந்துருவீங்கதானே?" என்று கேட்டான்.

"மூணாம் தேதி டெஸ்டு. அடுத்த வாரமே வண்டி எடுத்துருவேன்" என்றேன். ரொம்பச் சுலபமாக வாயில் வந்துவிட்டது.

இதையாவது இங்கே உள்ளபடி எழுதி வைக்கிறேன். கையில் பலம் வந்துவிட்டது. குடம் தூக்குகிறேன், ஜாடி மூடி திறக்கிறேன். ஆனால் தொட்டால் தெரியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடைய கையையோ மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. கண்ணால் பார்த்தால் சொன்னதைக் கேட்கிறது. பார்க்காவிட்டால் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. கைப்பயிற்சிப் பெண்ணிடம் "இப்ப பரவாயில்ல" என்று சொல்லிவைத்திருக்கிறேன். மனைவியிடமும் அதே.

நம் வண்டியில் கியர் இடது கைப் பக்கம்.

மார்ச் 9, சனி

இன்று ஒரு வழி கிடைத்தது.

போன வாரம் போலவே மண் எழும்பி எழும்பி விழுந்தது. டீச்சர் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு எதிரே சாய்த்து வைத்தார். குனிந்து பார்க்க வேண்டியதில்லையாம், பானையின் உருவம் நேராகத் தெரியுமாம். அட, இதை முதலிலேயே வைத்திருக்கக் கூடாதா? கண்ணாடி பார்த்துக் காலம் தள்ளியவன் நான். ஒன்றில் பின்னால் வருகிற லாரி, ஒன்றில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள், ஒன்றில் கண்டக்டரின் வழுக்கை. இருபத்தாறு வருடம் அப்படித்தான் போனது.

கண்ணை எடுக்காமல் கண்ணாடியையே பார்த்தேன். வெளிக்கோடு எங்கே பிதுங்குகிறதோ அங்கே வலது கையால் அழுத்தினேன். இடது கை உள்ளே கிடந்தது. அதை நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை. கிண்ணம் ஒன்று எழுந்து நின்றது. கோணலில்லாமல் நின்றது.

டீச்சர் சக்கரத்தை நிறுத்திப் பார்த்தார். "ரெண்டாவது கிளாஸ்லயே இதுவா?" என்றார். பல் டாக்டர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். அதுதான் பெரிய பாராட்டு.

மார்ச் 12, செவ்வாய்

டீத் தம்ளரை எடுத்தேன். பேப்பர் படித்துக்கொண்டே இடது கையில் பிடித்திருந்தேன். உள்ளங்கை சிவந்திருப்பதைப் பாதி டீ குடித்த பிறகுதான் பார்த்தேன். இப்போது கொப்புளம். மனைவி மருந்துக்கடையில் வேலைக்குப் போயிருந்தாள், நல்ல வேளை. வந்தபோது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் ஒரு பிழைப்பா?

மார்ச் 16, சனி

உயரமான ஜாடி. ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல். நடுவில் லேசாக அகன்று, கழுத்தில் ஒடுங்கி, பார்க்கிறவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள். கண்ணாடி பார்த்துத்தான் செய்தேன்.

கொப்புளம் உடைந்து மண்ணில் கொஞ்சம் ரத்தம் கலந்திருக்கிறது. வலிக்கவில்லை.

டீச்சர் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கட்டை கட்டிய மெல்லிய கம்பி. இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவர் செய்கிற முதல் சில உயரமான பாத்திரங்களைச் சூளைக்கு அனுப்ப மாட்டார்கள். அவரவர் கையால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துப் பார்க்க வேண்டும். சுவர் எங்கே கனம், எங்கே மெலிசு என்று அப்போதுதான் தெரியுமாம். பல் டாக்டர் ஏற்கனவே இரண்டு அறுத்திருக்கிறார்.

கம்பியை வாங்கினேன். வைத்துவிட்டேன்.

"வீட்டுல ஒரு தடவை காட்டிட்டு..." என்று இழுத்தேன்.

"எல்லாரும் முதல் தடவை இதைத்தான் சொல்வாங்க" என்றார் டீச்சர். அதட்டவில்லை. ஜாடியை பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்தார். பைக்குள் மூன்று வாரம்கூட ஈரமாக இருக்குமாம். "மனசு வரும்போது அறுங்க. ஆனா அறுக்காம அடுத்தது கிடையாது."

மார்ச் 23, சனி

போகவில்லை. தலைவலி என்றேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 27, புதன்

நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வேலைக்குப் போகிற உடம்பு, வேலை இல்லையென்று இதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து என்ன செய்ய? துணி மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை அலமாரி மாதிரி, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மனைவி சொன்னாள்: "போய்க் கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்க. அந்தத் துணி என்ன பாவம் பண்ணுச்சு?"

மார்ச் 30, சனி

இன்றும் போகவில்லை. அசதி. காரணம் யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

பாஸ்.

டிப்போ டாக்டர் அறைக்கு வெளியே ஏழு பேர் காத்திருந்தோம். என் முறை வந்தது. கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார், இறுக்கினேன், "போதும் போதும்" என்றார். மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் கண் பார்த்துச் செய்கிற வேலைதானே, எனக்கென்ன.

பிறகு, "கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க" என்றார்.

மூடினேன். கண்ணாமூச்சி ஆட்டத்தில் குழந்தைகள் மூடுகிற மாதிரி மூடினேன். இமைக்குக் கீழே ஒரு நூல் அளவு வெளிச்சம். மோதிர விரல் என்றேன். கட்டை விரல் என்றேன். சுண்டு விரல் என்றேன். அத்தனையும் சரி. ஐம்பத்து மூன்று வயதில்.

அப்புறம் வண்டி. டிப்போவுக்குள்ளேயே இரண்டு சுற்று, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுப்பது. சீட்டில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அந்த டீசல் வாசனை. ஆனால் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் கண் கீழே போய்க் கையைத் தேடிவிட்டு மேலே வந்தது. இன்ஸ்பெக்டர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

'தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை எட்டாம் தேதி முதல் டியூட்டி.

கண்டக்டரிடம் போனில் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவே இருந்தான். "அண்ணன் வர்றாரு" என்று பஸ்ஸில் இருந்தவர்களிடமே சொல்லிவிட்டான் போலிருக்கிறது, இரண்டு மூன்று பேர் கைதட்டுவது கேட்டது.

ஏப்ரல் 4, வியாழன்

மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷமில்லையா என்று கேட்டேன். "இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 6, சனி

கடைசியாக ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். திங்கள் முதல் வேலை, இனி சனிக்கிழமைகளும் டியூட்டி இருக்கும், வர முடியாது என்றேன். டீச்சர் சந்தோஷப்பட்டார். அலமாரியிலிருந்து என் ஜாடியை எடுத்துவந்து முன்னால் வைத்தார். கம்பியையும் வைத்தார்.

"அறுத்துட்டுப் போங்க. இங்க கடன் வெச்சுட்டுப் போகக் கூடாது."

மூன்று வாரம் ஆகியும் அப்படியே இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு குறை இல்லை. சரி, போகிற நேரத்தில் என்ன என்று கம்பியை நடுவில் வைத்து இழுத்தேன். சத்தமே இல்லை. இரண்டு பாதியும் பிரிந்து சாய்ந்தன.

அடிப்பக்கம் கட்டை விரல் கனம். அதற்கு மேல், ஜாடி அகன்று அழகாக இருந்த இடத்தில், வெங்காயத் தோல். விரல் நகம் பட்டால் கிழிந்துவிடும். மறுபடி மேலே தடிமன். மறுபடி ஒன்றுமில்லை. வெளியே ஒரே சீரான கோடு. உள்ளே குடிகாரன் நடந்துபோன தடம்.

டீச்சர் பென்சிலால் காட்டினார். "இங்க பாருங்க, இந்த இடத்துல உங்க உள்கை சொல்லாம கொள்ளாமத் தூங்கிடுச்சு. இங்க முழிச்சிருக்கு. இங்க மறுபடி தூங்குது."

"டிரைவரே தூங்கலாமா, சார்?" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும்? டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "கைல உணர்ச்சி இல்லையா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

ஆறு மாதத்தில் இதை நேராகக் கேட்ட முதல் ஆள். இல்லை என்று தலையாட்டினேன்.

"திங்கக்கிழமை வேலைன்னீங்களே?" என்றார். மண் ஒட்டிய கையோடு எழுந்து வந்துவிட்டேன்.

டேய், என்னடா பண்ணிட்டு வந்திருக்கே? காலை டிரிப்புல அறுபது பேரு. பாதிப் பேரு பள்ளிக்கூடப் புள்ளைங்க. கையைத் தேடிக் கண்ணு கீழ போற அந்த ஒரு செகண்டுல குறுக்க ஒரு புள்ளை ஓடி வந்தா? டாக்டர் கையெழுத்தைக் காட்டுவியா? அந்தக் கையெழுத்தும் நீ திருடினதுதானே? வண்டி ஓட்டத் தெரியும் தெரியும்னு இருபத்தாறு வருஷம் மார் தட்டினியே. வேற என்ன தெரியும் உனக்கு? ஒண்ணும் தெரியாது. அதானே பயம் — அதேதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மத்தியானம் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து சொன்னேன். டெஸ்டில் கண்ணைத் திறந்து பார்த்தது வரைக்கும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க இடது பக்கம் சூடா எதையும் நான் வெக்கறதில்ல. அஞ்சு மாசமாச்சு. ஒரு நாளாவது கவனிச்சீங்களா? அன்னிக்கு ஒரு நாள் நான் இல்லாதப்போ நீங்களா டீ போட்டுக் கையைச் சுட்டுக்கிட்டீங்க. அப்புறம் பாக்கெட்டுல கைய வெச்சுக்கிட்டுப் பெரிய கலெக்டர் மாதிரி உலாத்தினீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் என்று இப்போதும் தெரியவில்லை. "அப்ப ஏன் இஸ்திரி போட்டே?" என்றேன்.

அப்போதுதான் கத்தியை வைத்தாள். "நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு, நானே உங்க டிப்போ டாக்டர் வீட்டுக்குப் போறதா இருந்தேன். நீங்க என்னை மன்னிச்சிருக்க மாட்டீங்க. பரவாயில்லன்னுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என் எதிரே அழுதது மூன்று தடவை. தோளைத் தொட்டேன். எந்தக் கையால் தொட்டேன் என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

சீருடை போடாமல் டிப்போவுக்குப் போனேன். டாக்டர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மறுபடி டெஸ்ட் பண்ணணும், சார்" என்றேன்.

"அதான் பாஸ் ஆயிட்டீங்களே?"

"இந்தத் தடவை நிஜமாவே கண்ணை மூடிக்கறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். உட்காரச் சொன்னார். நானே பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது கையை மேசை மேல் நீட்டினேன். "கைல ஒரு சாமான் வெப்பேன். என்னன்னு சொல்லுங்க" என்றார். காத்திருந்தேன். வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம். எந்த வண்டி என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வேறு வேலையில் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"எப்ப சார் வெப்பீங்க?" என்றேன்.

பொறுமை இழந்து கட்டை அவிழ்த்தேன். உள்ளங்கையில் அவருடைய சாவிக்கொத்து இருந்தது. ஐந்து சாவி, ஒரு இரும்பு வளையம்.

"வெச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் மெதுவாக. திட்டவில்லை. போன வாரம் எழுதியதன் மேல் குறுக்கே கோடு போட்டு, அதன் கீழே வேறு எழுதினார். எழுதி முடித்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தார். வலது கையில் வாங்கிக் குடித்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாள் முழுக்கத் தூங்கினேன். கண்டக்டர் நாலு தடவை போன் செய்திருக்கிறான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நேரக் கண்காணிப்பு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதாம். வண்டி போகிற நேரம், வருகிற நேரம் எழுத வேண்டும், டியூட்டிப் பட்டியல் போட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அந்த அறையில் உட்கார்ந்தவர்களை இத்தனை வருடம் நாங்கள் பேசாத பேச்சில்லை.

ஏப்ரல் 20, சனி

மனைவிதான் தள்ளிவிட்டாள், "சேத்துல உக்காந்துட்டு வாங்க, முகம் பாக்கச் சகிக்கல" என்று.

டீச்சர் ஒன்றும் விசாரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார். சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இடது கைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம். "வலது கையை உள்ள விடுங்க. இடது கையை வெளிய வெச்சு, அதைக் கண்ணால பாத்துக்கங்க" என்றார்.

இப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறதென்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "உங்க கையப் பத்தி நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார்.

வலது விரல்களை உள்ளே விட்டேன். சுவர் தெரிந்தது. எங்கே கனம், எங்கே மெலிசு என்று நன்றாகவே தெரிந்தது. இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கிண்ணம் மாதிரி ஏதோ வந்தது. கோணலோ கோணல். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "சார், இது போன தடவையை விட மோசம்" என்றார். ஆமாம் என்றேன். நானே கம்பியை எடுத்து அறுத்தேன். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனம்.

பஸ்ஸுக்கு இப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு. நடந்தே வந்ததில் கால் ரொம்ப வலித்தது.

ஏப்ரல் 22, திங்கள்

நேரக் கண்காணிப்பு வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன், இன்று முதல் நாள். நம் வண்டியிலேயே டிப்போவுக்குப் போனேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், போனை எடுக்காத கோபம் இன்னும் தீரவில்லை. புது டிரைவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நிறுத்தங்களில் பிரேக்கை உதைக்கத்தான் உதைக்கிறான். ஆனால் பள்ளிக்கூடத் திருப்பத்துக்கு நூறு அடி முன்பே வேகத்தைக் குறைத்தான். கை கியருக்குப் போனது. கண் சாலையை விட்டு நகரவில்லை. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நகரவில்லை.

நேரக் கண்காணிப்பு அறையில் ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவர்க்கடிகாரம். மேனேஜர் புதிய மாதத்துக்கான பட்டியலை எடுத்துவந்து வைத்தார். எங்கள் வண்டியின் வரிசையில் நிரந்தர டிரைவர் என்ற கட்டத்தில் என் பெயர்தான் இன்னும் இருந்தது, பக்கத்தில் 'விடுப்பு' என்று.

"இதுல யாரைப் போடறது? அந்த ரூட்டு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். கேட்க அவருக்கும் சங்கடமாக இருந்தது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

ஸ்கேலை வைத்து என் பெயரின் மேல் கோடு போட்டேன். கீழே அந்தப் பையனின் பெயரை எழுதினேன்.

பலகையில் ஒட்டியதும் கண்டக்டர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தான். ஒரு பக்கப் பட்டியல்தான், ரொம்ப நேரம் படித்தான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா, அண்ணே?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். "சரி, நேரமாச்சு" என்று போய் ஏறிக்கொண்டான்.

வண்டி பதினொன்று பத்துக்குக் கிளம்ப வேண்டும். பதினொன்று பத்துக்குக் கிளம்பியது. பதிவேட்டில் எழுதினேன்.